மருந்து கொடுத்த எலி

வேலம்பாளையத்தில் நாங்கள் நடத்தும் பனியன் கம்பெனியில் எலிக்கு ஒரே வைத்தியம்தான், பசை அட்டை. எலி கடித்த துணி ரோலை யாரும் வாங்க மாட்டார்கள். எலியின் மேல் எனக்கு இரக்கம் என்பது அறவே கிடையாது.

போன வருஷம் என் ஆறு வயது மகளுக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. கண் சிவந்து, உதடு வெடித்து, விரல் நுனிகளில் தோல் உரிந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் வீங்கியிருக்கிறது என்றார் கோயம்புத்தூர் டாக்டர். ஏதோ ஒரு கிருமி தூண்டிவிட்டுப் போயிருக்குமாம். அது போன பிறகும் உடம்பு சண்டையை நிறுத்தாமல் தன் குழாயையே தாக்குமாம். மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிகிறதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும்.

"இந்த மருந்து கேக்கும்னு எப்படீங்க சொல்றீங்க?"

"நிறையக் குழந்தைகளுக்குக் கேட்டிருக்குங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு எலிகளை வெச்சுப் படிச்சிருக்கோம். ஒரு கிருமியோட மேலோட்டை ஊசியில போட்டா எலிக்கும் இதே குழாய் வீங்குது. பாதி எலிகளுக்கு மருந்து குடுப்பாங்க, பாதிக்குக் குடுக்க மாட்டாங்க. அப்புறம் ரெண்டோட குழாயையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க."

"என் பொண்ணும் எலியும் ஒண்ணுங்களா?" என்று எரிந்து விழுந்தேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

படுக்கையிலிருந்து மகள் கேட்டாள்: "மருந்து குடுத்த எலி பொழைச்சுக்குச்சா?"

டாக்டர் சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினார். வராந்தாவுக்கு வந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "இல்லீங்க. குழாயைப் பார்க்கணும்னா எல்லா எலியையும் கொன்னுதான் ஆகணும். குழந்தை நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாதுங்களே."

எங்கள் தொழிலில், துணியின் எடை சரியா என்று பார்க்க ரோலிலிருந்து ஒரு வட்டம் வெட்டி எடுப்போம். அந்த வட்டம் பனியனாகாது. குப்பைக்குப் போகும் அந்தத் துண்டைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அடுத்த ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. டாக்டர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். அங்கிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தோம். குடோனில் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு ஒரு எலி துடித்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இது மருந்து குடுத்த எலியா, குடுக்காததா?"

"குடுத்ததுதான் கண்ணு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதை எப்படிச் சாகவிடுவது? கம்பெனிச் சமையலுக்கு வைத்திருந்த கடலை எண்ணெயைக் கொண்டுவந்து அட்டையில் ஊற்றினேன்.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க!" என்று கட்டிங் மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

பசை இளகியதும் எலி நேராக ஏற்றுமதி ரோல்களுக்கு அடியில் பாய்ந்தது. மகள் கை தட்டினாள். விரல் நுனிகளில் புதுத் தோல் வந்திருந்தது.