கைகாட்டினாள்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்குச் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர். நோயாளிகளிடம் அப்படியில்லை. கூட வேலை செய்பவர்கள் கொஞ்சம் ஒட்டிப் பழக வந்தால்தான் முகம் கடுகடுக்கும். காரணத்தை அவருடைய தங்கைதான் எனக்குச் சொன்னாள்.

பதினாறு வயதில் அக்கா, துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் நடந்த டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர். ஒரு ஞாயிறு காலை, துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்து கதவைத் தாழிட்டான். அவன் தம்பி அப்பாவின் ஸ்டேஷனில் செத்திருந்தான். உடம்புக்கு முடியாமல் போய்ச் செத்தான் என்றுதான் அப்பா வீட்டில் சொல்லியிருந்தார்.

“இன்ஸ்பெக்டர் பொண்ணு யாரு? அவ மட்டும் இருந்தா போதும். மத்தவங்க போகலாம்.”

அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாத்தியார் சாதித்தார். நெற்றியில் அடி விழுந்தது. முன்வரிசையில் ஒரு பையனுக்கு மூச்சிழுப்பு கண்டது. அவன் அக்காவுடைய உயிர்த்தோழியின் தம்பி. எழுந்துவிடலாம் என்று அக்கா தவித்தார். மனதைத் திடப்படுத்திக்கொள்வதற்குள் பக்கத்திலிருந்த தோழி கையை நீட்டிவிட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருவருக்கும் ஒரே பெஞ்சு.

“இவதான்,” என்றாள், தரையைப் பார்த்தபடி.

அவன் சொன்ன சொல் தவறவில்லை. எல்லோரையும் விட்டான். தம்பியை இழுத்துக்கொண்டு ஓடிய தோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொழுது சாயும்வரை அக்கா அவனோடு தனியாக இருந்தார். கடைசியில் தெருவிலிருந்து ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் வந்தது. “உன் தம்பியை அடிச்சது நான்தான். எல்லாரும் கேட்கட்டும். என் பொண்ணை விட்டுடு.” அவன் சுவரில் சாய்ந்து அழுதான். பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

அடுத்த வாரம் தோழி வீட்டுக்கு வந்தாள். தம்பி போய்விடுவான் என்று பயந்ததைச் சொல்லி அழுதாள். “நீ என் இடத்துல இருந்தா என்னடி பண்ணிருப்ப?”

“நானும் சொல்லிருப்பேனோ என்னவோ. ஆனா உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிருப்பேன்.”

அப்பா சிறைக்குப் போனார். அக்கா தவறாமல் போய்ப் பார்த்தார், சிரித்துப் பேசாவிட்டாலும் போனார். தோழியோடு மட்டும் அன்றே பேச்சு முறிந்தது. கொலை செய்தவரைப் பார்க்கப் போகிறாய், அவளை மட்டும் ஏன் ஒதுக்குகிறாய் என்று தங்கை ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

“அப்பா பொறக்கும்போதே வாய்ச்சவரு. அவளை நானாத்தானே சேர்த்துக்கிட்டேன்.”