கமாலுதீன் பார்த்த மலேசியா

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து "மலேசியா பாய்" என்று கேட்டால், தண்ணி கேன் போடுகிறவன்கூட வீட்டைக் காட்டிவிடுவான். பெயர் கமாலுதீன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், முதுகு மக்கர் பண்ணியதும் குருவியாகிவிட்டார். குருவி என்றால், கடைக்காரர்களுக்காக விமானத்தில் சரக்கு கொண்டுபோய்க் கொண்டுவருகிற ஆள். இங்கிருந்து கைலியும் அப்பளமும் போகும், அங்கிருந்து சாக்லேட்டும் சென்ட்டும் வரும். டிக்கெட் கடைக்காரருடையது, பெட்டி கடைக்காரருடையது, பெட்டிக்குள் இருப்பதும் அவருடையதே. பாஸ்போர்ட் மட்டும் கமாலுதீனுடையது. இருபது வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் பறந்துகொண்டிருந்தார்.

போய்வந்த மறுநாள் டீக்கடையில் கச்சேரி நடக்கும். "அந்த ரெட்டை டவர் கீதே, அதுல லிப்டு ஏறினா காது அடைச்சிக்கும் மாமு. மேலேர்ந்து பாத்தா மனுசன்லாம் எறும்பு மாறி கீறான்." நாங்கள் டீ ஆறுவது தெரியாமல் கேட்போம். அதையே நான் என் மச்சானிடம் நேரில் பார்த்த மாதிரி அளந்திருக்கிறேன். கேட்டு நொந்தது அவர் மனைவி ஜெரினா ஒருத்திதான். அந்த அம்மா பார்த்த அதிகபட்ச வெளியூர், புழலில் இருக்கும் அக்கா வீடு. "அடுத்தவாட்டி உன்ன இட்னு போறேன்" என்று கமாலுதீன் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோ ஏறுவார்.

அந்த அடுத்த வாட்டிக்கே வேட்டு வைத்தது விமானக் கம்பெனி. வெளிநாட்டு வருமானம் சரிந்துகொண்டே போகிறதாம், அதனால் வழித்தட வியூகத்தை மாற்றுகிறார்களாம். சென்னையிலிருந்து நேராகக் கோலாலம்பூர் போகும் விமானம் மாதக் கடைசியோடு நிறுத்தம். இனி மலேசியாவுக்குப் போகிறவர்கள் டெல்லிக்குப் போய் மாறிக்கொள்ளலாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகிறவனைத் தாம்பரம் வழியாகப் போகச் சொல்வதற்குப் பெயர் வியூகம் என்றால், குடித்துவிட்டு எங்கள் தெருவுக்குத் திரும்புகிற ஒவ்வொருவனும் பெரிய வியூகக்காரன்தான்.

கம்பெனியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கமாலுதீன் மாதிரி பயணிகளை ஏற்றிக்கொண்டு எவன் லாபம் பார்க்க முடியும்? இருப்பதிலேயே மலிவான டிக்கெட். பெட்டியின் எடையில் இம்மி குறையாது. விமானத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை, கைப்பையில் வீட்டுச் சப்பாத்தி இருக்கும். மற்றக் கம்பெனி விமானங்களின் டிக்கெட் விலை கட்டுப்படியாகாது என்று கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

"கடைசி பிளைட்டுல நானும் வரேங்க," என்றார் ஜெரினா. பாஸ்போர்ட்டை என்றைக்கோ எடுத்து பீரோவில் வைத்திருந்தார். விசா இப்போது வேண்டியதில்லை என்பதை யூட்யூபில் பார்த்துவிட்டார். மகள் மெஹ்னாஸ் தன் சம்பளத்தில் டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

கமாலுதீன் முகத்தில் ஈயாடவில்லை. தொழில் போகிற கவலை என்று நாங்கள் பரிதாபப்பட்டோம். சமாசாரம் வேறு. அந்த ஊரில் மனிதர் பார்த்ததெல்லாம் ஒரு சந்து, அதில் ஒரு மெஸ், மெஸ்ஸுக்கு மேலே ஒரு சரக்கு அறை, அவ்வளவுதான். மதியம் இறங்குவார். வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். சரக்கைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, மாடியில் பாயை விரிப்பார். சாயந்திரம் புதுப் பெட்டியோடு அதே வேனில் விமான நிலையம். லிப்டும் எறும்பும் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் பொறுக்கியவை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறந்தாராம். இத்தனை வருஷமும் வீட்டில் தன்னைப் பெரிய ஆளாக நினைத்திருந்த ஒரே ஜீவன் ஜெரினாதான் என்பதால் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்புகிற அன்று அந்த அம்மாவின் பெட்டியிலும் சரக்கு வைக்கக் கடைக்காரர் ஆசைப்பட்டார். "என் பெட்டியில உங்க மொதலாளி ஒரு அப்பளம் வெச்சாலும் நடக்கறதே வேற," என்று ஜெரினா மறித்துவிட்டார். உள்ளே இரண்டு சேலை மட்டும். முப்பது கிலோவுக்கு இடம் இருக்கிற பெட்டி காத்தாடப் போனதைப் பார்த்துக் கமாலுதீனுக்கு நெஞ்சை அடைத்ததாம். இதெல்லாம் ஜெரினா என் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது. நடுவில் எதுவும் குறைந்திருக்காது.

அங்கே போய்ச் சரக்கைக் கொடுத்ததும், "வாங்க, டவருக்குப் போலாம்," என்றார் ஜெரினா. கமாலுதீன் சந்திலிருந்து வெளியே வந்து, பிறந்ததே அந்த ஊரில்தான் என்பதுபோல் இடது பக்கம் நடந்தார். பிறகு வலது பக்கம். பிறகு ஒரு பாலத்தடியில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஜெரினா செருப்பு தேயப் பின்னால் போனார். கடைசியில் இருவரும் அதே மெஸ் வாசலுக்குச் சந்தின் மறுமுனை வழியாக வந்து சேர்ந்தார்கள்.

மெஸ்ஸை நடத்துகிற அத்தாவுல்லா, தண்டையார்பேட்டைக்காரர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "டவரா? அதுக்கு ஏன் பாய் இந்த வெயில்ல சுத்துறீங்க? நீங்க தூங்குற ரூமு ஜன்னலாண்ட நின்னா நல்லா தெரியுமே. ஒருவாட்டிகூட பாத்ததில்லியா?"

கமாலுதீன் சால்னா வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெரினா மாடிக்குப் போனார். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். கமாலுதீனும் கை கொடுத்தார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பெட்டிகள் நகர்ந்ததும், பக்கத்துக் கூரைகளுக்கு மேலே இரண்டு கோபுரமும் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றன. "யா அல்லாஹ்," என்று சுவரைப் பிடித்துக்கொண்டார் கமாலுதீன்.

ஜெரினா கோபுரத்தைப் பார்த்தார், கீழே சுருட்டிக் கிடந்த பாயைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"நீ மட்டும் ஜாலியா ஊரு சுத்திகினு கீறன்னு, நீ பிளைட்டு ஏர்ற அன்னிக்குலாம் வயிறு எரிஞ்சி சோறு துன்னாம படுத்துருக்கேன்யா. இங்க அட்டப்பொட்டிக்கு நடுவுலயா படுத்துனு இருந்த?"

கமாலுதீன் தலையை மட்டும் ஆட்டினார். கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். அவர் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்ப, ஜெரினா கையைப் பிடித்து இழுத்து ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்தார்.

"அடிச்சா அடிக்கட்டும். ஒக்காந்து பாரு. நீயும் இன்னிக்கித்தான மலேசியா வந்துகீற."