அறுபத்து மூன்று படிகளும் ஒரு துளைப் பலகையும்

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மூடுபனி, எதிர்ச்சரிவின் தேயிலை தெரியவில்லை. வெந்நீர் வைத்தேன். ஆறேகாலுக்கு அக்காவை எழுப்பினேன். ஆறரைக்கு மாத்திரை நான்கு, ஏழுக்கு ராகிக் கஞ்சி. எட்டு மணிக்கு மேல்வீட்டு ராஜம்மா வந்ததும் அக்காவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, வீட்டு வாசலிலிருந்து சாலை வரையுள்ள அறுபத்து மூன்று படிகளை ஏறி, எட்டு இருபது பேருந்தில் குன்னூர் போனேன். அலுவலகத்தில் அந்த வார ஏலத்துக்கான தேயிலைப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். மாலை ஐந்து ஐம்பதுக்குத் திரும்பினேன். அக்கா முற்றத்தில் சால்வை போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பையி வெச்சுட்டு இங்க வா தம்பி. ஒண்ணு கேக்கோணும்" என்றார்.

அவர் கேட்டதை அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதவில்லை. முப்பது ஆண்டுகளாகக் குறிப்பு எழுதி வருபவன் விட்டுவைத்த இடம் அது. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உறவினர்களும் நண்பர்களும் கையில் ஏந்தும் இந்நினைவு மலரில் அதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அக்கா 1956இல் தேவாலாவில், அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். எங்கள் பெற்றோர் தாராபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அக்காவுக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின் நான். அவருக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா காலமானார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும். குன்னூர் அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை கிடைக்க, அக்கா ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் நானுமாக இங்கே வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் தேயிலையை ஒட்டுப்பலகைப் பெட்டியில் நிரப்பி, விளிம்புகளில் தகரப் பட்டை வைத்து ஆணி அடித்து அனுப்புவார்கள். அக்கா மூன்று அடியில் ஒரு ஆணியை இறக்குவார். ஆண்களுக்கு நான்கு அடி வேண்டும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இருபத்திரண்டாவது வயதில் ஒரு நல்ல வரன் வந்தது. தம்பியை விடுதியில் சேர்த்துவிட்டால் மற்றதைப் பேசலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்தார். பிறகு, "ஊட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களே, உட்டா அடுத்தது ரெண்டு மணிக்குத்தானுங்க" என்றார். அதற்குப் பின் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன். நானும் தனியாகவே இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா வீட்டில் தங்க மாட்டார். படியேறிப் பேருந்து பிடித்து குன்னூர் மார்க்கெட், சில வாரம் ஊட்டி. பெரும்பாலும் எதுவும் வாங்குவதில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, யார் யாரைப் பார்த்தார் என்று எனக்கு ஒப்பிப்பார். 2014இல் பணி ஓய்வு பெற்ற அன்று, "இனி ஏழு நாளும் ஞாயித்துக்கெழமதான்" என்றார். பத்து மாதம் அப்படியே இருந்தார். 2015 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் நின்றுவிட்டன.

ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்த பிறகு, நால்வர் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் படிகளில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் இறுகப் பற்றியபடி, கண்ணை மூடிக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கியதும், "என்னைய இப்படித் தூக்கறது இன்னும் ஒரே ஒருக்காதான். அத நான் பாக்கப் போறதில்ல" என்றார். மருத்துவர் வரச் சொன்ன நாள்களில்கூட நாற்காலிக்குச் சம்மதிக்கவில்லை.

மே மாதத்துக்குள் கால் தேறிவிட்டது. ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் நடந்தார். ஆனால் எங்கள் படிகளில் ஒரு பக்கம்தான் கம்பி. ஏறும்போது அது வலப்பக்கம். இடப்பக்கம் ஈர மண்சரிவு. இறங்குவதற்கு இடது கை போதும். ஏறுவதற்கு வலது கை வேண்டும். அந்தக் கை ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை.

"திரும்பி நின்னு பொறத்தாலயே ஏறலாமுங்க" என்று ராஜம்மா ஒரு நாள் யோசனை சொன்னார்.

"ஏறலாம். மேல பஸ்ஸுக்கு நிக்கறவங்க பேயின்னு ஓடிப்போவாங்க" என்றார் அக்கா.

இயன்முறை மருத்துவம் செய்த பெண், சிறு பைகளில் தானியம் நிரப்பி தினமும் வலது கையால் எறியச் சொன்னார். அக்கா இரண்டு நாள் சுவரில் எறிந்தார். மூன்றாம் நாள் பையைக் கீழே போட்டுவிட்டார். "ஆறு மாசமா இந்தச் செவுத்தையும் ஒன்னையும்தான் பாத்துட்டிருக்கறன். ரெண்டுல செவுரு பரவால்ல" என்றார்.

ஊட்டியில் ஒரு விடுதியின் புல்வெளியில் விருந்தினர்கள் ஒரு விளையாட்டு ஆடியதைப் பார்த்திருக்கிறேன். சாய்வாக நிறுத்திய பலகையில் ஒரு துளை. தூரத்தில் நின்று துணிப்பையை எறிந்து அதற்குள் விழவைக்க வேண்டும். அடுத்த முறை அங்கே போனபோது அளவெடுத்து வந்தேன். நீளம் நான்கடி, அகலம் இரண்டடி, துளை ஆறு அங்குலம், முன்பக்கம் நான்கு விரல் உயரம், பின்பக்கம் ஓரடிக் கால் இரண்டு.

மரத்துக்கு அலையவில்லை. தொழிற்சாலை காகிதச் சாக்குக்கு மாறியபோது அக்கா கொண்டுவந்த இரண்டு தேயிலைப் பெட்டிகளில் பழந்துணி கிடந்தது. அவற்றைப் பிரித்தேன். பெட்டியின் ஒரு பக்கம் இரண்டடிக்கு மேல் இல்லை என்பதால் இரண்டு பலகைகளை அடியில் சில்வர் ஓக் மரச் சட்டம் கொடுத்து இணைத்தோம். அக்கா நாற்காலியிலிருந்து வேலை வாங்கினார். என் சுத்தியல் ஆணியில் பட்டதைவிட என் கட்டைவிரலில் பட்டதே அதிகம்.

"ஆபீசுல ஒரு நாளைக்கு எத்தன பக்கம் தட்டற?"

"முப்பதுங்க்கா."

"அதுல ஒண்ணுகூட ஆணி இல்ல போலிருக்குது."

துளைக்கு நூல் கட்டி வட்டம் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாகத் துளையிட்டு, சிறு ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் பழைய தகரப் பட்டையையே மடித்து அடிக்கச் சொன்னார். ஜூன் 27 மாலை பலகை முற்றத்தில் நின்றது. எங்கள் மலையில் புல்வெளிக்கு எங்கே போவது? சமதளம் என்று இருந்தது பதினைந்தடி சிமெண்டு முற்றம்தான். நாற்காலியிலிருந்து பலகைக்கு எட்டடி வைத்தேன். தாண்டிப் போகும் பைகள் கீழே தேயிலைப் புதருக்குள் விழுந்தன. ராஜம்மா திட்டிக்கொண்டே பொறுக்கி வருவார்.

பைகளைத் தைத்து, தன் தோட்டத்து அவரைக் கொட்டையை நிரப்பித் தந்தவரும் ராஜம்மாதான். ஜூலை மழையில் ஒரு வாரம் பைகள் திண்ணென்று நனைந்து கிடந்தன. எட்டாம் நாள் காலையில் ராஜம்மா முற்றத்திலிருந்து கூவினார்: "ஏனுங், வந்து பாருங்க! பையி பயிராயிருச்சுங்க!"

தையல் வழியே வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. நான் தூக்கிப் போடப் போனேன். அக்கா தடுத்தார். "படியோரமா நட்டு வெய்யி. நாந்தான் ஏற முடியல, அவரையாச்சும் ஏறட்டும்." பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் மணலைக் கட்டிப் பைகளில் நிரப்பினோம்.

நாங்கள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். இருபது எறிதலில் பன்னிரண்டு துளைக்குள் விழ வேண்டும். தொடர்ந்து மூன்று நாள். அதன் பின் படியேறலாம். இலக்கைச் சொன்னவன் நான். அக்கா ஒப்புக்கொண்டார். ஜூலைக் கடைசியில் மூன்று விழுந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் ஐந்து, ஆறு. வலது கையால் டம்ளரைப் பிடித்தார். ஒரு நாள் தட்டிலிருந்து தானே சோறு எடுத்து உண்டார். ஆகஸ்ட் 21 அன்று பதினொன்று.

அன்று காலை நாற்பதாவது படியில் பாசி வழுக்கி நான் விழுந்திருந்தேன். முழங்கால் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் நாள் முழுதும் அந்தப் படியே கண்ணில் நின்றது. அக்கா விழுந்தால் மறுபடி மருத்துவமனை, மறுபடி படுக்கை, மறுபடி நான் ஒருவன். மாலையில் பதினொன்று என்று கணக்குச் சொல்லிவிட்டு, அவரை உள்ளே கூட்டிச் சென்ற பின் வெளியே வந்து பலகையை அரையடி பின்னால் நகர்த்தினேன்.

அடுத்த நாள் எட்டு. மெல்ல மறுபடி பத்தானது. மீண்டும் அரையடி நகர்த்தினேன். செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை. எண்ணிக்கை ஆறுக்கு இறங்கியது. அக்கா தம் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கை என்னைய ஏமாத்துது தம்பி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்று பைகளைப் பொறுக்கினேன். அன்றிலிருந்து மறுபடி இடது கையால் சாப்பிடத் தொடங்கினார். இதையெல்லாம் நாள்தோறும் பிழையில்லாமல் குறித்தேன். பலகையை நகர்த்தியதை மட்டும் குறிக்கவில்லை.

செப்டம்பர் 14 மாலை அக்கா கேட்டது இதுதான்:

"பலகைக்குக் கால் இருக்கறது தெரியும். நடக்குமாடா?"

ஊன்றுகோலால் தரையைக் காட்டினார். மழையில் முற்றம் முழுதும் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. பலகையின் பின்கால்கள் நின்ற இடங்களில் மட்டும் பாசி இல்லை. வெளிறிய சதுரங்கள், இரண்டிரண்டாக, மூன்று வரிசை. ராஜம்மாவைச் சாணால் அளக்கச் சொல்லியிருந்தார்.

"நீங்க விழுந்துருவீங்கன்னு பயமாயிருந்துச்சுங்க்கா."

"உழுந்தா ஆருக்கு வலிக்கும்?"

"உங்களுக்குத்தானுங்க்கா."

"அந்த வலிக்கும் ஒங்கிட்ட லீவு கேக்கோணுமா? கை வெளங்காதுன்னே நெனச்சுட்டனேடா. இருவது நாளா சாமிய வஞ்சுட்டிருந்தேன். ஒன்னைய வஞ்சிருக்கோணும்."

ராஜம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையைப் பற்றிச் சொல்லும் முன், முறையாகச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சாலையை முதன்முறை எட்டியது நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஐம்பது நிமிடம் ஆனது. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வலது கையால் டீ குடித்தார். எல்லாமாக ஏழு முறை ஏறினார். ஒரு முறை இருபத்திரண்டாம் படியில் விழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பேருந்தில் ஏறியது ஒரே முறை, குன்னூர் வரை. மற்ற நாள்களில் பேருந்தின் படி அவருக்கு உயரமாக இருந்தது. 2016 ஜூலை 5 காலை, வீட்டிலேயே, இரண்டாம் பக்கவாதத்தில் உயிர் பிரிந்தது. அவர் சொன்னபடியே அன்று தூக்கிச் சென்றோம்.

பகலெல்லாம் உடனிருந்த ராஜம்மாவுக்கும், பொறுமையாகப் பயிற்சி தந்த இயன்முறை மருத்துவருக்கும், இரு முறையும் தோள் கொடுத்த நால்வருக்கும், அக்கா ஏறி அமரும் வரை விசில் ஊதாமல் நின்ற, பெயர் தெரியாத அந்த நடத்துநருக்கும், தேவாலாவிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கும் என் வணக்கமும் நன்றியும்.

செப்டம்பர் 15, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கே எழுந்தேன். வெந்நீர் வைக்கும் முன் பலகையைப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று கதவைத் திறந்தேன். அக்கா எனக்கு முன்பே எழுந்து, ஸ்வெட்டர் போட்டு, வாசல் திட்டில் உட்கார்ந்திருந்தார். இடது செருப்பு காலில் இருந்தது. வலது செருப்பு கையில்.

"பலகை கெடக்குது. இத மாட்டி உடு."

குனிந்து மாட்டினேன். முதல் படிக்கு நடந்தார். ஊன்றுகோலை இடது கையால் ஊன்றி, வலது கையைக் கம்பியில் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மூடின. கட்டைவிரல் கடைசி. நான் ஒரு படி கீழே, பின்னால் நின்றேன். இரு கைகளையும் நீட்டியிருந்தேன். தொடவில்லை.