செல்ஃப் மோட்டாருக்கு ஒரு இடம்

என் வீட்டுக்காரரை எல்லோரும் 'டேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் மேசைக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர். அளவெடுக்கும் டேப் எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும், தூங்கும்போது மட்டும் தலைமாட்டுக்கு வரும். எங்கள் கல்யாணமே அந்த டேப்பால் நடந்ததுதான். அம்மா வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்ற வந்தவர், ஒரே ஜன்னலை மூன்று முறை அளந்துவிட்டுப் போனார். மறுநாள் ஏதோ சந்தேகம் என்று மறுபடியும் வந்து நின்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜன்னல் என்ன தினமும் வளருதா?" என்று கேட்டாள்.

அவருடைய தொழிலில் ஒரு கறார் உண்டு. குறைத்து வெட்டிய கண்ணாடியை யாராலும் நீட்ட முடியாது. அப்படி எப்போதாவது வெட்டிவிட்டால் இவர் அதை ஓரமாகச் சாய்த்து வைக்க மாட்டார். அங்கேயே உடைத்துத் தொட்டியில் போட்டுவிடுவார். வைத்திருந்தால் யார் தலையிலாவது அதைக் கட்டத் தோன்றும் என்பார். நல்ல பழக்கம்தான். அதைக் கடையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு இவ்வளவு பாடு இருந்திருக்காது.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு டர்ட் பைக். மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்த, ஒல்லியான, உயரமான வண்டி. ஊருக்கு வெளியே மண் அள்ளிவிட்டுப் போன பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலையில் எங்கள் தெருத் தபால்காரரும் இவரும் இன்னும் சிலரும் அங்கே போய் மேடு ஏறி இறங்கி, புழுதி மூட்டையாகத் திரும்பி வருவார்கள். துணி துவைப்பது நான் என்பதால் அந்த மண்ணின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்குக் காலில் அடிபட்டது பைக்கில் போய்த்தான் என்று இன்னும் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அப்பவே நெனச்சேன்" என்று என்னிடமே வந்து சொன்னவர்கள் உண்டு. பைக் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் கதவுக் கண்ணாடி ஒன்று சரிந்து வலது முழங்காலுக்கு மேலே வெட்டியது. அறுந்த தசைநாரைத் தைத்தார்கள். நடக்கிறார், படி ஏறுகிறார், பிரேக்கை மிதிக்கிறார். ஓங்கி உதைக்க மட்டும் முடியாது. அந்தப் பைக்கோ உதைத்தால்தான் கிளம்பும். சின்ன இன்ஜின், கிக்கர் மட்டும்தான், பொத்தான் கிடையாது.

கொஞ்ச நாள் தபால்காரர் கிக் அடித்துக் கொடுத்தார், இவர் ஏறி ஓட்டினார். பிறகு ஒரு ஞாயிறு, பள்ளத்தின் கடைசி வளைவில் இன்ஜின் அணைந்துபோயிற்று. தபால்காரர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக இவரைத் தாண்டிப் போனார்கள். இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இளைப்பாறுகிறவர் போல் எல்லோருக்கும் கையசைத்து அனுப்பியிருக்கிறார். ஒருவரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. தபால்காரர் தேடி வரும் வரை வெயிலில் அப்படியே நின்றிருக்கிறார். இதெல்லாம் தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் வீட்டுக்கு வந்து, பைக்கைப் பின் அறையில் சலவை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பழைய போர்வையால் மூடினார்.

"இனிமே போகல" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் புருஷன் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். வேண்டாம். வீட்டில் அளக்க ஒன்றும் மிச்சமில்லாமல், கடைசியில் என் குக்கர் மூடியை அளந்துகொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் "சரி" என்பார். சண்டைக்குக்கூட வர மாட்டார்.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். முன்பக்கம் நொறுங்கிப்போன சாலை பைக் ஒன்று விலைக்கு வருகிறது, இன்ஜின் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, நம் பைக் ஃபிரேமில் ஏற்றிவிடலாமா என்றார். இரண்டு மடங்கு பெரிய இன்ஜின். வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினார் என்று நினைக்க வேண்டாம். அதில் செல்ஃப் மோட்டார் இருந்தது. பொத்தானை அமுக்கினால் கிளம்பும். யார் காலும் தேவையில்லை.

என்னிடம் கேட்டபோது அவர் முகத்தில் பழைய வெளிச்சம் இருந்தது. எனக்குப் பயம் வந்தது. அது மறுபடி அணைந்துபோவதைப் பார்க்க என்னால் ஆகாது. அதைச் சொல்ல வராமல் கறாராகப் பேசினேன்.

"ஒரே ஒரு தடவைதான். ஒத்து வரலைன்னா எல்லாம் பழைய இரும்புக்குப் போயிடணும். மறுபடி இன்னொன்னுன்னு ஆரம்பிக்கக் கூடாது."

"நான் எதை ரெண்டாந்தடவை வெட்டியிருக்கேன்?" என்றார்.

இன்ஜின் வந்து என் இஸ்திரி மேசையில் உட்கார்ந்தது. நான் கட்டிலில் துண்டை விரித்து இஸ்திரி போட்டேன். அவர் அட்டையில் இன்ஜினின் வடிவத்தை வெட்டி ஃபிரேமுக்குள் வைத்துப் பார்த்தார், எடுத்தார், நறுக்கினார், மறுபடி வைத்தார். அடிபட்ட காலை வைத்துக்கொண்டு முழு இன்ஜினைத் தூக்கித் தூக்கி வைக்க முடியாது என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்தார். கழற்றிய சாமான்களை என் பழைய துண்டில் சுற்றிச் சோப்புத்தூள் அலமாரியில் பத்திரமாக வைத்தார். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, செயின் நேராக ஓடுமா என்று பார்க்கக் கடையிலிருந்து நீளமான கண்ணாடிப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். "இதைவிட நேரான பொருள் எதுவும் கிடையாது" என்றார். தானாகப் பேச்சுக் கொடுத்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

வெல்டிங்குக்கு அவருடைய அக்கா வந்தார். இரும்பு கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இன்ஜினைத் தாங்கும் பட்டைகளை இவர் காட்டிய இடத்தில், இவர் காட்டிய கோணத்தில் பற்றவைத்தார். "இப்படி அளந்து அளந்து நான் கேட் செஞ்சா, ஊர்ல ஒரு வீட்டுக்கும் கேட் இருக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். வேலை முடிந்து போல்ட்டை முடுக்கியதும் இன்ஜின் அசையாமல் உட்கார்ந்தது. செயினும் நேராக ஓடியது. இவர் சிரித்தார். அண்ணி பட்டறைக்குக் கிளம்பிப் போனார்.

பிறகு ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாகத் துண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரை எடுத்து நீட்டினேன். இன்ஜினின் முன்பக்கத்தில் அதற்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. கொண்டுபோய் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை. ஃபிரேமின் கழுத்திலிருந்து கீழே இறங்கும் குழாய் சரியாக அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

எந்த மோட்டாருக்காக இத்தனை பாடும் பட்டாரோ, அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் டேப்பை எடுத்து அந்த இடத்தை ஒரு முறை அளந்தார். ஒரு விரல் அகலம் குறைந்தது. டேப்பைச் சுருட்டினார். பைக்குள் போடவில்லை. சலவை மெஷின் மேல் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

"இன்ஜினைக் கொஞ்சம் பின்னாடி தள்ளலாமா?" என்றேன்.

"பின்னாடி இடமில்ல."

"அண்ணியைக் கேட்டா?"

"தப்பா வெட்டிட்டேன். முடிஞ்சு போச்சு. ஒரு தடவைதான்னு நீயும் சொல்லிட்ட."

போனை எடுத்துப் பழைய இரும்புக்காரரை மறுநாள் வரச் சொல்லிவிட்டார். தப்பாக வெட்டிய கண்ணாடியை உடைத்துத் தொட்டியில் போடுகிற அதே நிதானம். என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, நாளைக்குக் காலையில அந்த இரும்புக்காரருக்கு முன்னாடி நீங்க வந்துடணும்" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது.

காலையில் அண்ணி வெல்டிங் மெஷினோடு வந்து இறங்கினார். ஃபிரேமை ஒரு சுற்றுப் பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டார்.

"கேட்டுக்கு நடுவுல தூணை நட்டுட்டு ஆள் போக வழியில்லைன்னு அழுவாங்களாடா? நடுக் குழாயை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குழாயா இறக்கினா நடுவுல மோட்டார் ஜம்முன்னு உக்காரும்."

"வெட்டினது வெட்டினதுதான்கா" என்றார் இவர்.

"அது உன் கடையில. இது இரும்பு. வெட்டுவேன், ஒட்டுவேன், பிடிக்கலைன்னா மறுபடி வெட்டுவேன். என் கடையில தொட்டியே கிடையாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் போட்ட நிபந்தனை இன்னும் அவர் கண்ணில் நின்றது.

"நான் சொன்னதை விடுங்க. கோபத்துல ஆயிரம் சொல்லுவேன்" என்றேன். "போய் டேப்பை எடுங்க."

பிறகு உள்ளே போய் டேப்போடு வந்தார். இந்த முறை முதலில் மோட்டாரை இன்ஜினில் மாட்டினார், அதற்குப் பிறகுதான் அளந்தார். அண்ணி நடுக் குழாயை வெட்டிக்கொண்டிருந்தபோது பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்துவிட்டார். ஒரு ஃபிரேம் முழுதாகக் கிடைக்கும் என்று வந்தவர், வாசலில் ஆசையோடு காத்துக்கொண்டிருந்தார். வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்புவது நன்றாக இல்லை என்று வெட்டி எடுத்த குழாய்த் துண்டைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்று சொன்னபோது என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

இரண்டு குழாய்களுக்கும் நடுவில் மோட்டார் உட்கார்ந்தது. பேட்டரி சீட்டுக்கு அடியில் போயிற்று. அண்ணி பற்றவைத்த ஒவ்வொரு ஒட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஃபிரேமின் மேலேயே ஏறி நின்று குதித்தார். "என் எடையைத் தாங்கினா எதையும் தாங்கும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அண்ணியின் சரக்கு ஆட்டோவில் பைக்கை ஏற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போனோம். நானும் போனேன். இவர் ஏறி உட்கார்ந்ததும் தபால்காரர் பழக்கதோஷத்தில் வலது பக்கம் வந்து, உதைப்பதற்குக் காலைத் தூக்கிவிட்டார். இவர் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார். இன்ஜின் கிளம்பிவிட்டது. தபால்காரர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

முதல் சுற்று நன்றாக முடிந்தது. இரண்டாவது சுற்றில், அந்தக் கடைசி வளைவுக்குப் போனதும் சத்தம் நின்றுபோயிற்று.

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். அண்ணி முகம் வெளுத்துப்போய், "ஒட்டு விட்டுருச்சோ" என்றார். தபால்காரர் தன் வண்டியைத் திருப்பினார். தூரத்தில் இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தபால்காரர் எனக்குச் சொன்னாரே, அதே மாதிரி. பக்கத்தில் வந்தவன் ஒருவன் வேகத்தைக் குறைத்தான். இவர் கையசைத்து அவனை அனுப்பிவிட்டார். கடவுளே, இதைக் காட்டத்தானா என்னை இங்கே கூட்டி வந்தாய் என்று நினைத்தேன்.

பிறகு அவர் ஹெல்மெட்டை மாட்டினார். சத்தம் கேட்டது. மேட்டில் ஏறி, இறங்கி, எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு? நின்னு போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"அந்த இடத்துல ஒரு தடவை நிறுத்திட்டு, நானே கிளம்பி வரணும்னு இருந்துச்சு."

வைய வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. புழுதிக் கையாலேயே என் கன்னத்தைத் துடைத்து இன்னும் அழுக்காக்கினார். அண்ணி மட்டும் சும்மா விடவில்லை. "இனிமே நிறுத்தறதா இருந்தா சொல்லிட்டு நிறுத்துடா. ஒட்டு விட்டுருச்சுன்னு நெனச்சு எனக்கு உசிரே போயிடுச்சு."

"இன்னொரு சுத்து போயிட்டு வரேன்" என்றார் என்னிடம்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

போனார். கடைசி வளைவில் மறுபடி சத்தம் நின்றது. இந்த முறை நான் யார் கையையும் பிடிக்கவில்லை.