அவள் எதிரே தமிழில் பேசியவை

என் மகளிடம் நான் மலையாளத்தில்தான் பேசி வந்தேன். நல்ல மலையாளம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவள் நான். காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட மலையாளம் அது. என் கணவர் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பக்கத்தில் கழக்கூட்டம் என்கிற இடத்தில் சாஃப்ட்வேர் வேலை. நான் வாயைத் திறந்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அந்த லட்சணத்தில்தான் பெற்ற பெண்ணைக் கொஞ்சினேன்.

நாலு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள். ஸ்பீச் தெரபிக்குப் போன முதல் நாள் தெரபிஸ்ட் கேட்டார், வீட்டில் உங்களுக்குள் என்ன பாஷை பேசிக்கொள்கிறீர்கள், அதிலேயே குழந்தையிடமும் பேசுங்கள் என்று. நான் சட்டென்று மலையாளம் என்றேன். தமிழ் என்றால் இங்கே முடியாது, நாகர்கோவிலுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அந்தத் தெரபிஸ்ட் அப்படியெல்லாம் சொல்லக்கூடியவர் இல்லை, எனக்குத்தான் அவசரம். பக்கத்தில் இருந்த என் கணவரும் மறுத்துப் பேசவில்லை. வெளியே வந்ததும், பள்ளிக்கூடத்துக்கு எப்படியும் மலையாளம்தானே வேணும் என்று சமாதானம் சொன்னார்.

அன்றிலிருந்து அவளுக்கு மலையாளம், எங்களுக்குள் தமிழ். மெல்ல மெல்ல அவளும் பேசினாள். தண்ணீருக்கு வெள்ளம் வேணம், போதும் என்பதற்கு மதி, போகலாம் என்பதற்குப் போகாம் என்று ஒன்றிரண்டு சொல்லாக. தமிழில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் அவளுக்குத் தமிழ் புரியாது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். சௌகரியமாகவும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியதையெல்லாம் அவள் எதிரிலேயே பேசினோம். "நமக்கப்புறம் இவளை யார் பாத்துப்பா?" என்று அவர் கேட்பார். "இன்னொண்ணு பெத்துண்டிருக்கலாம். அதுவும் இப்படியே பிறந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து தொலைச்சோம்" என்பேன் நான். அவள் பாட்டுக்குத் தோசையைக் கிழித்துத் தின்றுகொண்டிருப்பாள்.

போன வருஷம், அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, என் பெரிய நாத்தனார் பெண்ணுக்குக் கரமனையில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் நாத்தனார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விரலுக்குப் பலம் வருவதற்காகத் தெரபியில் சொல்லிக்கொடுத்தபடி, மகள் துணிக் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வரேளோல்லியோ? குட்டியை என்ன பண்ணப் போறேள்?" என்று நாத்தனார் கேட்டார்.

எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். அன்றைக்கு வரவில்லை. அவர் சொல்வதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன்.

"அவளை அழைச்சுண்டு வரலைக்கா. ஆள்கூட்டத்தைப் பார்த்தா கையை ஆட்டிண்டு கத்துவா. மாப்பிள்ளையாத்துக்காரா முன்னாடி மானம் போயிடும்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். கயிற்றில் கிளிப்புகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் அவளைப் பார்த்துக்கொள்ள எதிர் ஃப்ளாட் சேச்சி வந்துவிட்டார். நான் புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், இவள் தீபாவளிக்கு வாங்கிய பட்டுப்பாவாடையைத் தானே எடுத்து உடுத்தியிருக்கிறாள். சட்டையின் பின்பக்கக் கொக்கி மட்டும் போட வரவில்லை. இருந்தாலும், டாக்டரிடம் போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று யோசித்து வைத்திருந்த பொய்யைச் சொன்னேன்.

"மோளே, அம்ம டாக்டரெக் காணான் போகுவா. வேகம் வராம்."

டாக்டரைப் பார்க்கப் போகிறவள் கட்டுகிற புடவையா அது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, எப்போதுமே அதிகம் பார்க்க மாட்டாள். சோபாவில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள். பிறகு தமிழில், அசல் என் இழுப்போடு, சொன்னாள்.

"கையை ஆட்ட மாட்டேன். கத்த மாட்டேன். நானும் வரேன்."

கார்ச் சாவியோடு வாசலுக்குப் போன என் கணவர் திரும்பி வந்துவிட்டார். அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற யோக்கியதை எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. சாப்பாட்டு மேஜையில், காரில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று எத்தனை வருஷமாக எதையெல்லாம் பேசியிருக்கிறோம். அவள் பின்னால் போய் நின்று கொக்கிகளைப் போட்டேன். "வாடி கண்ணா, போலாம்" என்றேன்.

கையை எடு, ஆட்டினால் ஆட்டிக்கொள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஆட்டாமல் இருந்தால் நல்லதுதானே என்றும் எனக்குள் ஒருத்தி நினைத்தாள். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

மண்டபத்தில் நாதஸ்வரம், மைக், எங்கே பார்த்தாலும் ஆட்கள். அவள் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் நடுங்கின, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பாயசம் வந்தபோதும் கையை எடுக்கவில்லை. நான்தான் ஊட்டினேன். நாத்தனார் வந்து அவள் கன்னத்தைத் தடவி, "எவ்வளவு சமத்தா ஒக்காந்திருக்கா பாரு. தெரபி நன்னா பலன் குடுத்திருக்கு" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். சிரிக்க வேறு செய்தேன்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் அவளோடு உட்கார்ந்தேன். கரமனைப் பாலம் தாண்டியும் கைகள் தொடைக்கடியிலேயே இருந்தன.

"எல்லாம் முடிஞ்சுடுத்து, கையை எடுத்துக்கோடி" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்:

"இனிமே ஆட்டலாமா?"