பார்த்துக்கொள்ள வேண்டாத செடிகள்

நொச்சி வாசனை வந்தால் எனக்கு இன்னமும் கோபம் மூளுகிறது. சளிக்கு ஆவி பிடிக்கிற வீட்டைத் தாண்டிப் போனாலே போதும். அண்டாவில் அந்த இலை வெந்து, கசப்பும் காரமுமாகத் தெருவுக்கு வரும். மற்றவர்களுக்கு மூக்கு திறக்கும். எனக்கு அந்த ஆனி மாதத்துப் பகல் திறக்கும்.

வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன். தெருமுனையிலேயே நொச்சி மணந்தது. யாருக்கோ ஜுரம் போல என்று நினைத்தபடி நடந்தேன். வீடு நெருங்க நெருங்க வாசனையோடு பெட்ரோல் நாற்றம் சேர்ந்தது. அப்புறம் சத்தம். புல் வெட்டும் மெஷின், எங்கள் காம்பவுண்டுக்குள்.

அந்த வீடு எனக்கும் தம்பிக்கும் பொது. கீழே நான். மாடியில் அவனும் அவன் மனைவியும். அதற்கும் மேலே, ஊருக்கு வருகிறவர்களுக்கு அவன் வாடகைக்கு விடும் அறைகள். முன்பக்கத்து மண்ணை யாரும் கேட்கவில்லை, அதனால் அது என்னுடையதாயிற்று. முதலில் நானும் ரோஜா வைத்தேன், குரோட்டன்ஸ் வைத்தேன். சித்திரை வெயில் எல்லாவற்றையும் அப்பளமாக்கிவிட்டது. போர் தண்ணீர் குளிக்கவே இழுத்துப்பறிக்கிற இடத்தில் ரோஜாவுக்கு நான் எங்கே போவேன்? கோபத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றினேன். சாமிக்காக இல்லை. பாறை கொதிக்கும் மாதத்தில், ஒருவரும் ஊற்றாமல், ஆடு வாய் வைக்காமல், பச்சையாய் நிற்பது எது என்று பார்க்க.

ஆவாரை நின்றது. ஆடாதொடை நின்றது. நொச்சி நின்றது. எருக்கைக் கேட்கவே வேண்டாம், விபூதி பூசிய சாமியார் மாதிரி குப்பைமேட்டில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது. அவர்களைத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். முதல் மழையில் சுவரோரம் நொச்சி, ஆடாதொடைக் குச்சிகளை ஊன்றினேன். ஆவாரை விதையைத் தேய்த்து ஊறவைத்துப் போட்டேன். முதல் கோடைக்கு மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீர். அப்புறம் அதுவும் இல்லை. எருக்கு மூலையில் தானாக முளைத்தது, விட்டுவைத்தேன். வரிவரியான புழுக்கள் அதைத் தின்றன, ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகளாய்ப் பறந்தன. ஆவாரை பூத்தபோது வாசல் முழுக்க மஞ்சள் கொட்டிக் கிடந்தது. நான் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று: ஒன்றும் செய்யாமல் இருந்தது.

கல்யாணத்துக்குக் கிளம்பியபோது தம்பிதான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தோட்டத்த நான் பாத்துக்கறேன்க்கா. நீ நிம்மதியா போய்ட்டு வா."

"பாத்துக்கறதுக்கு இன்னாடா இருக்குது? அது பாட்டுக்கு இருக்கும்" என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், நொச்சியும் ஆடாதொடையும் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டுக் கிடந்தன. ஆவாரையைத் தூரோடு பெயர்த்திருந்தார்கள். எருக்கு இருந்த மூலையில் பால் ஒழுகிய மண். கேட்டருகே பாய் சுருட்டியதுபோல் கொரியன் புல் அடுக்கியிருந்தது. தம்பி கையில் ஹோஸ்.

"எப்டி? சுத்தம் பண்ணியாச்சு பாத்தியா?"

"யாரக் கேட்டுடா செஞ்ச?"

"ஃபோட்டோல காடு மாதிரி தெரியுதுக்கா. ரூம் புக் பண்றவன் பாம்பு வருமான்னு கேக்கறான்."

மாடிப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "எருக்கு பாழடைஞ்ச வீட்லதான் அண்ணி வளரும். நம்ம என்ன செத்தா போய்ட்டோம்?"

சுத்தம். நம் ஊரில் இந்த வார்த்தைக்குச் செடி பலி கேட்கும் பழக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் கவர் பறக்கும் காலிமனை அழுக்கில்லை. அதில் தும்பை பூத்தால் அழுக்கு. எனக்கு அழுகை வரவில்லை. எரிந்தது. அன்று நான் பேசியவற்றை எழுத முடியாது. மெஷின்காரர் பாதி வேலையிலேயே மெஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

புல் விரித்தார்கள். காலையும் சாயங்காலமும் ஹோஸ். என் பக்கெட்டில் தண்ணீர் கம்மியாகிக்கொண்டே வந்தது. நான் தம்பியோடு பேசவில்லை; புல்லை மிதிக்காமல் சுவரோரமாகவே போய்வந்தேன்.

விநாயகர் சதுர்த்தியன்று காலை, கடைத்தெருவிலிருந்து தம்பி பைக்கில் வந்து இறங்கினான். ஒரு கையில் களிமண் பிள்ளையார். இன்னொரு கையில், வாழையிலையில் சுற்றி, எருக்கம்பூ மாலை.

பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். "எங்கடா வாங்குன இத?"

"கடையிலதான். இன்னிக்கு ரேட்டு ஜாஸ்திக்கா."

"இங்க இருந்தத வெட்டிப் போட்டுட்டு?"

கொஞ்சங்கூடக் கூச்சப்படாமல் சொன்னான்: "இது சாமிக்குப் போடறது, அது வீட்ல நின்னது. ரெண்டும் ஒன்னா?"

சாமி கழுத்தில் போட்டுக்கொள்ளும் பூ வளர ஒரு முழ மண் இந்த வீட்டில் கிடையாது! அந்த மாலையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பிள்ளையார் முகத்துக்காக விட்டேன். அப்படியே குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது: மூலையில், கொரியன் புல்லின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு, வெளிறிய பச்சையில் இரண்டு தடித்த இலைகள். அடிவேர் சாகவில்லை. அவன் உள்ளே போனதும், யாருக்கும் தெரியாமல் காய்ந்த சருகொன்றை அதன்மேல் இழுத்துவிட்டேன்.

அந்த மாதமே வேங்கிக்காலில் ஒரு வாடகை வீடு பார்த்தேன். முன்னால் கொஞ்சம் மண் இருந்தது. ஐப்பசியில், சாமான் ஏற்றிய வண்டியில் கடைசியாக, வெட்டுப்பட்ட தூரிலிருந்து துளிர்த்த நொச்சிக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன். எருக்கைத் தோண்டிப் பார்த்தேன். வேர் சுவருக்கடியில் போயிருந்தது, வராது. அங்கேயேதான் இருந்தாக வேண்டும், அவனிடம்.

தம்பி கேட் வரை வந்தான். முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட எருக்கைச் சருகால் மறைக்க முடியாது. அவனும் பார்த்திருந்தான். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"கோவத்துல போவாதக்கா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அத நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்காத" என்றேன். "சும்மா வுடு."