புஸ்ஸுவின் நெஞ்சு முடி

புஸ்ஸுவின் நெஞ்சைத் தடவினால் விரல் வெள்ளியாகிவிடும். வெள்ளி என்றால் நகைக்கடை வெள்ளி இல்லை, பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர். சிவகாசி பக்கம் எங்கள் விஸ்வநத்தத்தில் வெள்ளிப் பவுடர் என்றுதான் சொல்வோம். சாயங்காலம் நாயைக் கொஞ்சிவிட்டு விரலைத் துப்பட்டாவில் துடைப்பேன், துடைத்த இடம் மினுங்கும். துவைக்கிறவளுக்குத்தானே தெரியும் என்று அம்மா கத்துவாள். அவள் கத்துவாள் என்பதற்காகவே இன்னொரு தடவை தடவுவேன்.

அந்தப் பவுடர் நாயின் மேல் வந்தது என் அண்ணனிடமிருந்து. அண்ணனுக்கு மருந்து கலக்குகிற அறையில் வேலை. கம்பெனி பஸ் ஊர் முக்கில் ஹாரன் அடித்ததும் புஸ்ஸு ஒரே பாய்ச்சலாக ஓடும். பஸ்ஸை விட்டு அண்ணன் இறங்கும்போது முகம், கை, புருவம் எல்லாம் வெள்ளியாக இருக்கும், கண் இரண்டும் மட்டும் கறுப்பாகத் தெரியும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஏலே, தள்ளிப் போலே, குளிச்சிட்டு வாரேன்" என்பான். அது கேட்டால்தானே! முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவன் தொடையில் வைத்து, நெஞ்சை அவன்மேல் அழுத்திக்கொண்டு நிற்கும். வீடு வந்து சேர்வதற்குள் அதற்கும் பாதி வெள்ளி பூசியாகிவிடும்.

புஸ்ஸு வெள்ளைப் பொமேரியன். முதலாளி வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்று. ஒரு காது மடங்கியிருந்ததால் யாரும் வாங்காமல் கிடந்ததை அண்ணன் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வால் விரிந்து நிற்பதைப் பார்த்து மதினிதான் புஸ்வாணம் என்றாள், அது புஸ்ஸு ஆகிவிட்டது. மதினி காரியாபட்டியில் இருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கல்யாணமாகி நாலு வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளை இல்லை. தெருவில் ஆளுக்கொன்று பேசினார்கள். அவள் பாட்டுக்கு நாய்க்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் சடைநாய் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான்.

நாய் தன் முடியை நக்கும், பவுடர் வயிற்றுக்குள் போகும் என்று அண்ணனுக்கு ஒரே கவலை. மொட்டை அடித்துவிடலாம் என்றான். மொட்டை அடித்தால் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும், அதற்குச் சடைநாய் எதற்கு என்று மதினி சண்டைக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். இந்த ஜாதி நாய்க்கு உள்முடி, வெளிமுடி என்று இரண்டு உண்டு, வெயில் தோலைச் சுடாமல் காப்பதே அந்த முடிதான், முழுக்க வழித்துவிட்டால் சில நேரம் ஒழுங்காக வளராது என்று அவர் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. அண்ணன் மேல் எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம், அதாவது நெஞ்சு, தாடை, முன்னங்கால் மூன்றும் ஒட்ட வெட்டுவது. கழுத்துச் சடையும் வாலும் மதினிக்கு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். முன்பக்கம் கோழி உரித்த மாதிரி, பின்பக்கம் சிங்கம் மாதிரி.

அப்போது நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். லேபிள் வெட்டித் தேய்ந்த கத்தரி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்ட கையோடு வேப்பமரத்தடியில் முடிவெட்டு நடக்கும். முதலில் அகலப் பல் சீப்பால் வாரிச் சிக்கெடுக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் தண்ணீர். சிக்கு நனைந்தால் கயிறாக இறுகிவிடும். மதினி மடியில் நாயை மல்லாக்கப் போட்டுப் பிடித்துக்கொள்வாள், அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவான். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கில் வளர்கிற முடியைக்கூட விடமாட்டான். அவனுடைய சொந்தத் தலை பரட்டையாகக் கிடக்கும்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில் ஆர்டர் அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் லோடு ஏறியது. முடிவெட்டு தள்ளிக்கொண்டே போனது. புஸ்ஸுவின் நெஞ்சில் முடி மறுபடியும் வளர்ந்து, அதில் வெள்ளி ஏறியிருந்தது. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலையில் வெடிச் சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்றுதான் பார்ப்போம். மதினி புகையைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். முகம் பார்க்க விடவில்லை. மதினி கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவன் துணியெல்லாம் ஏற்கெனவே துவைத்து மடித்திருந்தது. வேலைக்குப் போட்டுப் போன சட்டை அவனோடு போய்விட்டது. அப்புறம் ஒரு சாயங்காலம் வாசலில் படுத்திருந்த நாயின் மேல் வெயில் விழுந்தபோது மதினி அதைப் பார்த்துவிட்டாள். நெஞ்சில் வெள்ளி மினுங்கியது. கிட்டப் போய்த் தொட்டு, விரலைப் பார்த்து, அந்த விரலைத் துடைக்காமல் மடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சீப்பையும் கத்தரியையும் பரணில் போட்டுவிட்டாள். நாயை யாரும் குளிப்பாட்டக் கூடாது. "போயிரும் பிள்ள" என்பாள் என்னிடம், அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அந்த வெள்ளி போய்விடக் கூடாது என்றுதான் இருந்தது.

புஸ்ஸு கொஞ்ச நாள் ஹாரன் சத்தத்துக்கு ஓடிப் போய் நின்றுவிட்டு வந்தது. பிறகு ஓடுவதை விட்டுவிட்டது. ஹாரன் கேட்டால் தலையைத் தூக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். "நாயும் மறந்துட்டு" என்றாள் மதினி. அதைச் சொன்ன நாளில் இருந்து அவள் அந்த முடியை இன்னும் இறுக்கமாகக் காவல் காத்தாள். தை கழிந்து, மாசி கழிந்து, பங்குனி வெயில் வந்தது. சிவகாசி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முடி பாயாகச் சிக்குப்பிடித்து நாற்றம் அடித்தது. காதுக்குள் உண்ணி. ராத்திரி பகல் இல்லாமல் சொறிந்தது. கடைசியில் சோற்றைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்து, இனி முழுக்க எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். மதினி தலையை மட்டும் ஆட்டினாள், பரண் பக்கம் போகவில்லை. அம்மா அதுவரைக்கும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குச் சோற்றுத்தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உசுரோட கெடக்கதையும் சேத்து அனுப்பிராத தாயி."

மறுநாள் காலையில் மதினியே பரணில் ஏறிக் கத்தரியை எடுத்தாள். அண்ணனுடைய பழைய வேட்டியை வேப்பமரத்தடியில் விரித்து நாயைக் கிடத்தினாள். தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுச் சிக்கைப் பிரித்தோம். கத்தரி தோலில் பட்டுவிடாமல் சிக்குக்கு அடியில் நான் சீப்பைக் கொடுத்துப் பிடித்தேன். முதுகு, வால், பின்னங்கால் எல்லாம் முடித்து, நெஞ்சைக் கடைசிக்கு வைத்திருந்தாள். வெட்டிய கற்றையை எடுத்து வெயிலில் பிரித்துப் பார்த்தாள். விரலில் வைத்துத் தேய்த்தாள். என் விரலிலும் தேய்த்தாள். மண்ணும் அழுக்கும்தான். பவுடர் எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. இத்தனை மாதமும் இருக்கும், இருக்கும் என்று நம்பியிருக்கிறோம். முன்னங்கால் அக்குளில் முடி திரிதிரியாக முறுக்கித் தோலை இழுத்துப் பிடித்து, உள்ளே புண்ணாகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. "இம்புட்டையும் வச்சுக்கிட்டா எங்கிட்ட படுத்துக் கெடந்த?" என்று நாயிடம் கேட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண்ணில் தடவினோம்.

அன்று சாயங்காலம் முக்கில் ஹாரன் கேட்டது. மஞ்சள் பூசிய அந்த மொட்டை நாய் விசுக்கென்று எழுந்து ஓடியது. முதலில் நொண்டி, அப்புறம் பழைய பாய்ச்சல். மதினி செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள், நானும் ஓடினேன். இறங்கிய ஒவ்வொருவருடைய காலையும் புஸ்ஸு முகர்ந்து பார்த்தது. ஒருவர் மேலும் ஏறவில்லை. அவர்கள் அத்தனை பேரும் வெள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்று கொடுத்தார்கள். பஸ் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை அது படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

மதினி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மறக்கலையே பிள்ள. நடக்க முடியாமல்லா கெடந்துருக்கு" என்று சொல்லி அழுதாள். அண்ணன் போய் அவள் அழுதது அன்றைக்குத்தான். பஸ்ஸில் வந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்.

புஸ்ஸு அதற்கப்புறம் சில வருஷம் இருந்தது. முடி அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் வளர்ந்தது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதினி அதே மாதிரி வெட்டினாள். நெஞ்சு, தாடை, முன்னங்கால் ஒட்ட. கழுத்தும் வாலும் விட்டு. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கூடவே நடந்து போய் வருவாள். பவுடர்தான் இனிப் படப்போவதில்லையே, நெஞ்சை எதற்கு வெட்டுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "அவுக வந்தா மேல ஏறும்லா" என்றாள், கத்தரியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மதினி இப்போது காரியாபட்டியில் தம்பி வீட்டோடு இருக்கிறாள், தையல் தைக்கிறாள். நான் கல்யாணமாகி விருதுநகர் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் என் மகள் தன் சடைநாயை முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போனாள், நானும் போனேன். சுவரில் வரிசையாகப் படங்கள், லயன் கட், டெடி கட் என்று. எது வேண்டும் என்று கடைப் பெண் கேட்டதும், "நெஞ்ச மட்டும் ஒட்ட வெட்டிருங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்படி ஒரு கட்டிங்கே இல்லையே என்று அவள் சிரித்தாள். ஏம்மா மானத்தை வாங்குகிறாய் என்று மகள் முறைத்தாள். மகள் கேட்டதையே வெட்டினார்கள், அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையடைத்துவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. நாய் ஓடிப் போய் இரண்டு காலையும் தூக்கி அவர்மேல் வைத்து நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்றது. அவரும் குனிந்து இரண்டு கையாலும் அதை அள்ளிக்கொண்டார். கொஞ்சிவிட்டு இறக்கியதும் அதைப் பக்கத்தில் கூப்பிட்டு நெஞ்சைத் தடவினேன். விளக்கு வெளிச்சத்தில் விரலைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.